பாலபாடத்தின் படிகள்

கொட்டாஞ்சேனைக் கோயில்களிலும் வெள்ளவத்தை இல்லங்களிலும் விசயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறோம். திண்ணைப் பள்ளியின் மிச்சம் அது. அங்கே மணலில் எழுத்து, பின் ஏட்டில் அரிச்சுவடி, அதன்பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு எனப் படிகள் இருந்தன. ஆயினும் வாய் முந்தியது, கண் பிந்தியது. பொருளறியாமலே செய்யுளை ஒப்புவித்த பிள்ளை, முன்பு காணாத ஒரு வரியை வாசிக்கத் திணறியது.

இம்முறையை மாற்றியதில் ஆறுமுக நாவலருக்குப் பெரும் பங்குண்டு. மிஷன் பாடசாலையில் பயின்று அங்கேயே ஆசிரியராயும் இருந்த அவர், 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் அச்சிட்ட பாலபாடங்கள் எளிய வாக்கியத்திலிருந்து நீண்ட உரைநடைக்குப் பிள்ளையைப் படிப்படியாய் அழைத்துச் சென்றன. ஆனால் சாதி வரம்பை நாவலர் கடந்தாரில்லை. ஏணி செய்யப்பட்டது; எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் அது சாத்தப்படவில்லை.

1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் கட்டணத்தை அகற்றியது. கொழும்புத் துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைக்கும் வழி பிறந்தது. இலவசப் பாடநூலுக்கோ 1980 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கடினமான படி இன்றும் ஒன்றுதான்: எழுத்தின் பெயரிலிருந்து சொல்லின் ஒலிக்குத் தாவுவது. 'கானா' என்று கற்ற அதே எழுத்து கடலில் ஒருவிதம், தங்கத்தில் வேறுவிதம், அகத்தில் இன்னொருவிதம் ஒலிக்கிறது. கதைநூல் உள்ள வீட்டுப் பிள்ளை இதை விளையாட்டாகக் கடந்துவிடுகிறது. நூலில்லா வீட்டுப் பிள்ளை ஆறாந் தரத்துக்கு வந்தும் அங்கேயே நிற்பதை நாம் காண்கிறோம். ஆசிரிய உலகம் அதற்கு இட்டிருக்கும் பெயர் 'மந்தம்'.