தரவரிசையும் உயிர்க்கணக்கும்

மருத்துவமனைகளை முதலிடம், இரண்டாமிடம் என வரிசைப்படுத்தும் பட்டியல்கள் பெருகிவிட்ட காலம் இது. நோய் முற்றிய உறவினரைத் தருமபுரியிலேயே சேர்ப்பதா, சேலத்துக்கோ பெங்களூருக்கோ கொண்டு செல்வதா என அரூரிலும் பென்னாகரத்திலும் ஒரு குடும்பம் திகைத்து நிற்கும் வேளையில், இப்பட்டியல்களை எவ்வளவு நம்பலாம்? வரலாறு இதற்கு ஓரளவு விடை தருகிறது.

மருத்துவரின் தகுதியை ஆராயும் முயற்சி புதிதன்று. ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பக்தாத் நகரில் மருத்துவர் ஒருவரின் பிழையால் நோயாளி இறந்த செய்தி கலீஃபா அல்-முக்ததிரின் செவிக்கு எட்டிற்று. ஸினான் இப்னு ஸாபித் தேர்வு செய்து சான்றளித்தாலன்றி எவரும் மருத்துவம் செய்யலாகாது என அவர் ஆணையிட்டார். 860க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர் என்பர் வரலாற்றாசிரியர். ஆயினும் ஏற்கெனவே புகழ் பெற்றோருக்கும் அரசவை மருத்துவர்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. புகழையே சான்றாகக் கொள்ளும் வழக்கம் அன்றே இருந்தது.

புகழை விடுத்து எண்ணை நம்பினால் போதுமா? 1863இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வெளியிட்ட நூலின் அட்டவணையொன்று, லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் நூற்றுக்கு 90.84 எனக் காட்டிற்று. ஓராண்டில் இறந்தோர் 3,828 பேர். அத்தொகையை ஆண்டு முழுவதும் சிகிச்சை பெற்றோரின் தொகையால் வகுக்காமல், 1861 ஏப்ரல் 8ஆம் நாள் ஒன்றில் மட்டும் உள்ளே இருந்த 4,214 பேரால் வகுத்ததன் விளைவு அது. எண்கள் மெய், அவை தந்த தோற்றம் பொய்.

1986இல் அமெரிக்க அரசு மருத்துவமனைகளின் இறப்புக் கணக்கை வெளியிட்டபோது, மிக மோசமானதாகத் தென்பட்டது, பிழைக்க வழியற்றோரை இறுதி நாட்களில் பேணும் ஓர் இல்லம்! 1993இல் அவ்வெளியீடு நிறுத்தப்பட்டது.

இப்படிப்பினை நம் மாவட்டத்துக்கும் உரியது. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் இறந்தன. நாடே அதிர்ந்தது. கவனிப்புக் குறைவு என்ற குற்றச்சாட்டு எழுந்தது; எடை மிகக் குறைந்தும், பிற இடங்களிலிருந்து ஆபத்தான நிலையிலும் வந்த குழந்தைகள் அவை என்றது அரசுத் தரப்பு. இறப்பின் தொகை மட்டும் இவ்விரண்டில் எது உண்மை எனச் சொல்லாது. பிறர் கைவிட்ட நோயாளியை ஏற்கும் மருத்துவமனையின் கணக்கில் சாவு கூடும். கடும் நோயாளியை வாயிலிலேயே திருப்பியனுப்பும் மருத்துவமனையின் கணக்கு அழகாயிருக்கும். ஆயினும் இவ்வுண்மையைக் கேடயமாக்கிக் கவனக்குறைவை மறைப்பதும் தகாது. எந்நிலையில் வந்த குழந்தைகளுள் எத்தனை பிழைத்தன என்பதே நேர்மையான கணக்கு.

ஆதலின், பட்டியல் எதை அளக்கிறது என முதலில் அறிதல் வேண்டும். மைய அரசு 2015இல் தொடங்கிய காயகல்ப் விருது, தூய்மையையும் நோய்த்தொற்றுத் தடுப்பையும் மதிப்பிடுவது. அது பயனுள்ள செய்தியே. ஆனால் இதய அறுவையில் ஒரு மருத்துவமனைக்குள்ள திறனை அது கூறாது. இந்நோய்க்கு இங்கே ஆண்டுதோறும் எத்தனை பேர் சிகிச்சை பெறுகின்றனர், இரவிலும் மருத்துவர் இருப்பாரா, உயிர் தாங்கும் நேரத்துக்குள் அங்கே சென்றடைய இயலுமா என்பவையே குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்விகள். குருதிப் பெருக்குடன் துடிக்கும் தாய்க்கு, தொலைவிலுள்ள முதலிடத்தைவிட அருகிலுள்ள ஆயத்தமான மருத்துவமனையே மேல். தரவரிசை தொடக்கத்துக்கு உதவும்; முடிவை அதனிடம் ஒப்படைத்தல் ஆகாது.