வினாகிரிச் சாடியில் மிதந்த ஆடை

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் புத்தளம் பக்கம் போய் ஒதுங்கிய கதை உங்களுக்குத் தெரியும். நான் வளர்ந்தது அங்கேதான். தென்னை மண். உம்மா தேங்காய்த் தண்ணீரைக் கீழே ஊற்ற விடமாட்டா. சீனி போட்டு, சாடியில் மூடிவைத்து, அச்சாறுக்கு வினாகிரி எடுப்பா. நாள் போக, மேலே வழுவழுவென்று வெள்ளையாக ஒரு ஆடை மிதக்கும். அகப்பையால் அள்ளி வாழையடியில் எறிந்துவிடுவா.

அந்த ஆடையை இங்கிலாந்தில் ஒருவர் எறியவில்லை. பேர்ட்டன் நகரத்து மதுவடி ஆலையொன்றின் இரசாயனவியலாளர் ஏட்ரியன் பிரவுன் அதைச் சோதித்து 1886இல் எழுதினார்: இதை நெய்வது ஒரு பற்றீரியா, நெய்யப்பட்ட பொருள் செலுலோசு. பஞ்சிலும் மரத்திலும் இருக்கும் அதே செலுலோசுதான். 1838இல் பாயன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தாவரங்களில் கண்டு சொன்னதிலிருந்து, அது தாவரத்தின் சொத்து என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

பிலிப்பைன்ஸ்காரர் இதைத் தேங்காய்த் தண்ணீரிலேயே வளர்த்து, துண்டு போட்டு இனிப்பாக்கினார்கள். ஜெலிக் கப்பில் நறுக்கென்று கடிபடுமே, நாட்டா டி கோக்கோ, அதுதான். 1980களில் பிரேசிலில் இதையே தீக்காயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் போர்த்தினார்கள். பஞ்சு நூலைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள், இடையில் நுண்துளைகள், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். புண் காயாது, துணி ஒட்டாது. சீனி வருத்தக்காரரின் காற்புண்ணில் ஒட்டிய கோஸ் துணியை உரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். என் வாப்பா அந்த நேரத்தில் துவாயைக் கடித்துக்கொண்டு கிடப்பார்.

அடுத்த படி, அந்தத் துளைகளுக்குள் கலங்களை வளர்ப்பது. இழையப் பொறியியல் என்பது இதுதான். 2014இல் கனடாவின் ஒட்டாவாவில் அன்ட்ரூ பெலிங்கின் குழுவினர் அப்பிள் துண்டைச் சவர்க்காரம் போன்ற கரைசலில் கழுவி, அதன் கலங்களைப் போக்கி, மிஞ்சிய செலுலோசுக் கூட்டில் எலி, மனிதக் கலங்களை வளர்த்தார்கள். பிறகு அதை எலியின் தோலுக்கடியில் வைத்தபோது இரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்தன. உடல் அதைப் பெரிதாக எதிர்க்கவில்லை. ஆனால் மாட்டின் குடலில் போல அதைச் செரிக்கும் நுண்ணுயிர் நம் தசைக்குள் இல்லை. எனவே அது கரையாது, தங்கிவிடும். நிலைத்து நிற்க வேண்டிய இடத்துக்கு அது நல்லது. கரைந்துபோக வேண்டிய இடத்துக்குக் குறைதான்.

இன்னொன்று. இப்படியான மருத்துவக் கூடுகளில் சில பன்றியின் தோலிலும் குடலிலும் செய்யப்படுகின்றன. நிர்ப்பந்த நிலையில் என்ன செய்வது என்பதை உலமாக்கள் சொல்வார்கள். செலுலோசில் அந்தக் கேள்வியே எழாது.

ஒரு எச்சரிக்கை: வீட்டுச் சாடி ஆடையை எடுத்துப் புண்ணில் போட்டுவிடாதீர்கள். மருத்துவத்துக்கானதைக் காரத்தில் அவித்து, கிருமி நீக்கித்தான் எடுப்பார்கள். ஆனால் வினாகிரி போடும் வீட்டார் யாராவது இருந்தால், அந்த ஆடையை எறியாமல் ஒரு போத்தலில் தாருங்கள். தரம் 10 பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.