வழித்துணை

ஆடித் தபசு நாள்களில் சங்கரன்கோவிலுக்கு வருவோர் சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்களின் கதையைக் கேளாமல் திரும்புவதில்லை. சிவனே பெரியவன் என்றான் சங்கன். திருமாலே பெரியவன் என்றான் பதுமன். கோமதி அம்மனின் தவத்தால் இருவரும் ஓருருவில் காட்சியளிக்க, வழக்காடிய நாகர்கள் அவ்விடத்திலேயே ஒருங்கே தங்கினர் என்பது தலபுராணம். ஒத்துப்போகாத இருவர் ஒன்றாய்ச் சேர்வது எவ்வாறு என்னும் கேள்வி, இவ்வூர் மண்ணிலேயே ஊறிக் கிடக்கிறது எனலாம்.

இக்கேள்விக்குத் தமிழ் பெரும்பாலும் ஒரு பயணத்தின் வழியாகவே விடை தேடியிருக்கிறது. 'வழித்துணை' என்ற அழகிய சொல்லை நம் முன்னோர் வீணாகப் படைக்கவில்லை. சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். பொருளிழந்த வணிகன் கோவலனும் அவன் மனைவி கண்ணகியும் புகாரை விட்டு மதுரைக்குப் புறப்படுகின்றனர். இடையில் அவர்களுடன் இணைபவர் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி. இல்லறத்தார்க்கும் துறவிக்கும் என்ன உறவு? ஆயினும் நடந்த களைப்பும் பகிர்ந்த பேச்சும் அவரைக் கண்ணகிக்குத் தாயாக்கின. மதுரையின் புறஞ்சேரியில் அவளை மாதரி என்னும் ஆயர்குல முதியவளிடம் ஒப்படைத்த அவர், கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்தார்.

திரைப்படம் வந்தபின் இம்மரபு சக்கரங்களில் ஏறியது. 1966இல் வெளியான 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி' பலதரப்பட்ட மாந்தரை ஒரே பேருந்தில் ஏற்றி நம்மைச் சிரிக்க வைத்தது. 1972இல் 'பாம்பே டு கோவா' என இந்திக்கும் சென்றது. 2003இல் கமல்ஹாசன் எழுதி, சுந்தர் சி. இயக்கிய 'அன்பே சிவம்', மழையால் புவனேசுவரத்தில் சிக்கிக்கொண்ட பொதுவுடைமையாளர் ஒருவரையும் விளம்பரப் பட இயக்குநர் ஒருவரையும் சென்னை நோக்கி அனுப்பியது. வெளியானபோது வசூலில் தோற்ற அப்படம், ஆண்டுகள் செல்லச் செல்ல மக்கள் மனத்தில் இடம்பிடித்தது.

ஆயினும் நம் பகுதி மக்களின் நெஞ்சைத் தொட்டுக் கேள்வி கேட்ட படம், மதுமிதா இயக்கி 2019 நவம்பரில் வெளியான 'கே.டி. (எ) கருப்புதுரை'. தென்காசி தனி மாவட்டமாகி, சங்கரன்கோவில் அதனுள் சேர்ந்ததும் அதே மாதத்தில்தான். மாதக்கணக்கில் நினைவிழந்து கிடந்த கருப்புதுரை என்னும் முதியவர் கண் விழிக்கிறார். தம்மைத் 'தலைக்கூத்தல்' செய்து முடித்துவிடப் பிள்ளைகள் பேசிக்கொள்வது அவர் காதில் விழுகிறது. யாருக்கும் தெரியாமல் வீட்டை விட்டு வெளியேறுகிறார். வழியில் ஒரு கோவிலில் வளரும் ஆதரவற்ற சிறுவன் குட்டியைச் சந்திக்கிறார். தொடக்கத்தில் முறைத்துக்கொள்ளும் இருவரும் பின்னர் ஒரு பட்டியல் எழுதுகின்றனர்: கிழவர் வாழ்வில் நிறைவேறாத ஆசைகள்! ஆட்டுக்கறிப் பிரியாணி உண்பது முதல் இளமையில் விரும்பிய வள்ளியைக் காண்பது வரை அது நீள்கிறது. முதியவராக நாடகப் பேராசிரியர் மு. இராமசாமியும், குட்டியாக நாகவிஷாலும் நடித்தனர். அச்சிறுவனுக்குச் சிறந்த குழந்தை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது.

இது வெறும் கற்பனையன்று. 2010இல் விருதுநகர் மாவட்டத்தில், தம் முடிவைக் குடும்பத்தார் குறித்துவிட்டதை அறிந்த முதியவர் ஒருவர் வெளியேறி உறவினரிடம் தஞ்சம் புகுந்தார் என நாளேடுகள் எழுதின. பொதிகை விரைவு வண்டி சங்கரன்கோவிலை விட்டு வடக்கே சென்றால் அடுத்து வரும் பெரிய ஊரான ராஜபாளையம் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. பெற்றோரைப் பேணுவதைப் பிள்ளைகளின் கடமையாக்கிய சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. சட்டம் உணவுக்கு வழி செய்யும். உடன் அமர்ந்து பேச ஓர் ஆளைத் தருமோ?

சப்பானில் இத்தகைய பழங்கதை ஒன்று உண்டு. எழுபது வயதான தாயை மகன் முதுகில் சுமந்துசென்று மலையுச்சியில் விட்டுவருவான். இமாமுரா அதனை 'நரயாமா' மலையின் கதையாக எடுத்த திரைப்படம் 1983இல் கான் விழாவின் தலையாய விருதைப் பெற்றது. அங்கும் பயணமே, அங்கும் இருவரே. ஆனால் அவ்வழி சாவை நோக்கிச் செல்வது. சுமப்பவன் பெற்ற மகன். கருப்புதுரையின் வழியோ வாழ்வை நோக்கியது. கைப்பிடித்தவன் யார் பெற்ற பிள்ளையோ!

இவ்வேறுபாட்டில்தான் நாம் கற்கவேண்டிய பாடம் உள்ளது. பிள்ளைகள் அம்முதியவரிடம் 'இன்னும் எத்தனை நாள்?' என்று கணக்குப் பார்த்தனர். குட்டியோ, 'உமக்கு என்ன ஆசை?' என்று கேட்டான். முதல் கேள்வி உயிரோடிருப்பவரைப் பிணமாக்குகிறது. இரண்டாவது, சாகக் கிடந்தவரை எழுப்பி நடக்க வைக்கிறது. கைம்மாறாக முதியவரும் சிறுவனின் படிப்புக்கு வழி தேடுகிறார். துணை என்பது ஒருவர் கொடுக்க மற்றவர் பெறும் பிச்சையன்று; இருவரும் கொடுத்து இருவரும் பெறுவது.

இவ்வாண்டும் ஆடித் தபசுக்குப் பேருந்துகள் நிரம்பி வரும். முதியோர் பலர் பேரப்பிள்ளைகளின் கைப்பற்றி இறங்குவர். திண்ணையில் எஞ்சியிருப்போரும் உண்டு. அவர்களிடம் சென்று அமர்ந்து, 'எங்கே போக ஆசை?' என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இன்றே கேட்டுப் பார்ப்போமே!