நெகட்டிவ் யாருடையது?

1888. இங்கிலாந்தின் ராச்செஸ்டர் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார் திருமதி பொல்லார்ட். பிறகு பார்த்தால், அவர் முகம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் அச்சாகி, அதே கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது! வழக்குப் போட்டார். நெகட்டிவ் தன் சொத்து, அதிலிருந்து பிரிண்ட் போடத் தனக்கு உரிமை உண்டு என்றார் கடைக்காரர்.

1862-லேயே வந்திருந்த சட்டம் வாடிக்கையாளர் பக்கம்தான் நின்றது: காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே பதிப்புரிமை. ஆனால் லண்டன் ஸ்டேஷனர்ஸ் ஹாலில் பதிவு செய்திருந்தால்தான் வழக்காட முடியும். ஜூலியா மார்கரெட் கேமரன் போன்ற புகைப்படக் கலைஞர்கள் தங்கள் படங்களை நூற்றுக்கணக்கில் பதிந்தார்கள். குடும்பப் படத்துக்காக யார் அங்கே போவார்கள்? திருமதி பொல்லார்டும் போகவில்லை. நீதிபதி நார்த் வேறு வழி கண்டார். நெகட்டிவ் பதிந்த கண்ணாடித் தகடு கடைக்காரருடையதாகவே இருக்கட்டும். வாடிக்கையாளருக்குப் பிரிண்ட் போட்டுத் தருவதற்காக எடுத்த படத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது ஒப்பந்தத்தையும் நம்பிக்கையையும் மீறுவது என்று தடை விதித்தார்.

தகடு கைமாறாததற்குக் காரணம் வியாபாரம். அக்காலப் பட அட்டைகளின் பின்பக்கத்தில், நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது, எண்ணைச் சொன்னால் மறுபிரதி கிடைக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அது வாடிக்கையாளருக்கு வசதி. அவரை வேறு கடைக்குப் போகவிடாத கயிறும் அதுவே.

1911-ன் சட்டம் ஒரு வேடிக்கை செய்தது. கேமராவை இயக்கியவரை விட்டுவிட்டு, எடுத்த நேரத்தில் நெகட்டிவுக்குச் சொந்தக்காரர் எவரோ அவரையே படத்தின் ஆசிரியராக்கியது. 1914-ன் இந்தியச் சட்டமும் அதையே பின்பற்றியது. 1957-ன் இந்தியச் சட்டம்தான் படம் எடுப்பவரை ஆசிரியர் என்றது. ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்ற பழைய விதியைக் கைவிடவில்லை.

பிரிட்டன் கைவிட்டது. 1988-ன் சட்டத்தில் பதிப்புரிமை புகைப்படக்காரருக்குப் போனது. வீட்டுத் தேவைக்கு எடுத்த படங்களை வாடிக்கையாளர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்ற தனிப்பிரிவும் அதில் சேர்ந்தது. பொல்லார்ட் வழக்குக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து!

இன்று நம் கல்யாண வீட்டில் கண்ணாடித் தகட்டின் இடத்தில் இருப்பது ரா ஃபைல் என்னும் மூலக் கோப்பு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் பதிப்புரிமை கல்யாண வீட்டாருக்கு; ஹார்ட் டிஸ்க் இருப்பதோ புகைப்படக்காரர் அலமாரியில். அதைக் கேட்டால் தனி ரேட் சொல்பவர்களும் உண்டு.