மானிப்பாயில் இரணவைத்தியம்

இரணவைத்தியனை இரு பகைகள் எக்காலத்தும் எதிர்த்து நின்றன. ஒன்று நோவு, மற்றையது குருதிப்பெருக்கு. இவ்விரண்டையும் அடக்கும் கல்வி 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலே தமிழில் ஓதப்பட்டது என்பதை இன்று அறிவோர் சிலரே.

அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1845இல் நியூயோர்க்கில் பட்டம் பெற்றார். அவர் கற்ற இரணவைத்தியம் மயக்கமருந்து அறியாதது. கையின் விரைவே அன்று நோயாளிக்குக் காட்டக்கூடிய கருணையாயிருந்தது. 1846 ஒக்டோபரில் பொஸ்தன் நகரில் ஈதர் அரங்கேறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் இலண்டனிலே இறொபேட் லிஸ்டன் என்பார், முழங்கால் நோயுற்ற ஒருவரின் காலை ஈதர் கொடுத்துத் தொடையோடு அறுத்தார். முழங்கால் கெட்டால் காலையே களைவதன்றி அக்காலத்தில் வேறு வழி அரிது. 1847இல் எடின்பரோவில் சிம்சன் குளோரபோமின் மயக்குந்திறனைக் கண்டறிந்து வழங்கினார். அதே ஆண்டில் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

ஈண்டு வைத்தியம் இல்லாதிருந்ததன்று. பரராசசேகரம் முதலாய நூல்களும், தலைமுறையாய் வந்த முறிவு நெரிவு வைத்தியமும் இருந்தன. ஆயினும், உடலைத் திறந்து நாடியைக் கட்டி உயிர் காக்கும் முறை புதிது. கிறீன் மானிப்பாயில் மாணாக்கரைச் சேர்த்து அதனைக் கற்பித்தார். அவரிடம் பயின்று தேறினோர் 60க்கு மேற்பட்டவர். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர் 1864இல் தமிழுக்கு மாறினார். மாணாக்கர் இதனை விரும்பினாரல்லர். ஆங்கிலம் கற்றால் அரசாங்க உத்தியோகம் கிட்டும் என்பது அவர் எண்ணம், அதில் பிழையுமில்லை. உத்தியோகம் தேடிப் போவோரால் கிராமத்துக்குப் பயனில்லை என்பது ஆசிரியர் எண்ணம்.

துறூயிற்றின் ஆங்கில நூல் 'இரணவைத்தியம்' என்னும் பெயரில் 1867இல் வெளிவந்தது. கலைச்சொற்களுக்குக் கிறீன் வகுத்த நெறி எளியது: தமிழ்ச்சொல் உளதேல் அதனையும், இலதேல் வடசொல்லையும், அதுவும் இலதேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழொலியிலும் கொள்க என்பது. வேதியியலுக்கு அவர் இட்ட 'கெமிஸ்தம்' என்னும் பெயர் இன்று நகைப்பு விளைக்கலாம். பொருள் மயங்காதிருந்ததே அன்று வேண்டப்பட்டது. நோவும் குருதியும் ஒருவாறு அடங்கினும், புண் சீழ்ப்பிடித்து இறப்போர் பலர். அத்தீங்குக்குப் பரிகாரம் கண்ட லிஸ்டரின் கட்டுரைகள் வெளிவந்ததும் அதே 1867இல்தான்.

இக்காலத்திலே முழங்காலைக் களைவதில்லை. தேய்ந்த மூட்டின் பரப்புகளை நீக்கி, உலோகமும் பிளாத்திக்கும் பொருத்துகின்றனர். தொடையிற் கட்டிய இறுக்குபட்டையைத் தளர்த்தியபின் மூட்டினுள் குருதி கசியும். உறைந்த குருதி கரையாதிருக்கத் திரனெக்சாமிக் அமிலம் கொடுப்பர். 1962இல் யப்பானிய விஞ்ஞானிகளாகிய ஒக்காமோத்தோ தம்பதியர் அறிவித்த மருந்து இது. நோவுக்கோ ஒரே மருந்தை மிகுத்துக் கொடாது, நரம்பை மரக்கச்செய்யும் ஊசியும் வேறு மருந்துகளும் அளவறிந்து சேர்ப்பர். இவையெல்லாம் நோயாளி விரைவில் எழுந்து நடப்பதற்கே. நோவுக்கஞ்சிக் காலை மடக்காது கிடப்பின் மூட்டு இறுகும். அசையாத காலின் நாளத்திலே குருதி கட்டிப்படவும் கூடும். இதனை மானிப்பாய்க் கிழவியொருத்திக்கு அவள் மொழியிற் சொல்லி விளங்கவைக்காவிடில், மருந்து பாதிப் பயனே தரும். கிறீன் 1864இல் மாணாக்கரோடு வாதித்ததும் இதுவே.

அவர் 1873இல் தாயகம் மீண்டார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியை விட்டாரல்லர். 1884இல் வூஸ்ரர் நகரிலே காலமானார். அவ்வாண்டில் வியன்னாவிலே கார்ல் கொல்லர், கொக்கெயினால் கண்ணை மட்டும் மரக்கச்செய்து காட்டினார். நரம்பை மரக்கச்செய்யும் ஊசி அவ்வழியில் வந்ததே.