ஃபீல்டு டே: அமெச்சூர் வானொலி கிளப்புகளின் ஜூன் மாதத் திருவிழா

ஃபீல்டு டே என்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது ஹாம்கள், ஆண்டுதோறும் ஜூன் மாதத்தின் நான்காவது முழு வார இறுதியில் நடத்தும் தொடர்புப் போட்டி. ஊர் கிளப்பைச் சேர்ந்தவர்கள் பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ குன்றின் மேலோ கூடாரம் போடுகிறார்கள். மரத்துக்கு மரம் ஆன்டெனா கட்டி, வீட்டு மின்சாரத்தைத் தொடாமல் பேட்டரி, ஜெனரேட்டர், சூரியத் தகடு ஆகியவற்றைக் கொண்டே நிலையத்தை ஓட்டி, தூங்கியும் தூங்காமலும் ஒரு நாள் முழுக்க மற்ற நிலையங்களைத் தேடிப் பிடித்துப் பேசுகிறார்கள். இதை நடத்துவது அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக். ஹைரம் பெர்சி மாக்சிம் முன்னின்று 1914இல் தொடங்கிய அமைப்பு இது. தலைமையகம் கனெக்டிகட் மாநிலத்தின் நியூயிங்டனில் இருக்கிறது. ஆண்டுக்கு 30,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொள்கிறார்கள்.

இது போட்டிதானா என்ற கேள்வி ஹாம்களிடையே ஓய்ந்ததில்லை. முழுப் போட்டி அல்ல என்றுதான் லீக் சொல்லி வருகிறது. ஆனால் புள்ளிக் கணக்கு உண்டு, நேர வரம்பு உண்டு, லீக்கின் க்யூ.எஸ்.டி. இதழில் கிளப் வாரியாக முடிவுகளும் வெளியாகின்றன. இந்தப் புள்ளி விதிகளைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தால் நிகழ்ச்சியின் உள்நோக்கம் புலப்படும். ஒவ்வொரு விதியும் கிளப்பை ஒரு வேலைக்குப் பழக்குகிறது.

முதல் ஃபீல்டு டே 1933 ஜூன் மாதம் நடந்தது. லீக்கின் தொடர்புத் துறை மேலாளராக இருந்த எஃப். ஈ. ஹேண்டி அதை வடிவமைத்தார். 1930இல் தொடங்கிய ஸ்வீப்ஸ்டேக்ஸ் போன்ற போட்டிகள் அதற்கு முன்பே இருந்தன. அவை வீட்டு மேசையில் உட்கார்ந்து ஆடப்பட்டவை. வெள்ளமோ புயலோ வந்து ஊரின் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்துபோனால், கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் அரைநாளுக்குள் நிலையம் நிறுவத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஹேண்டியின் திட்டம் இந்தக் கேள்விக்கான பதில். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் அமெச்சூர் ஒலிபரப்பு நிறுத்தப்பட்டதால் 1942 முதல் 1945 வரை ஃபீல்டு டே நடக்கவில்லை.

நிகழ்ச்சி சனிக்கிழமை உலகப் பொது நேரம் 18:00 மணிக்குத் தொடங்கி ஞாயிறு 20:59க்கு முடிகிறது. கணக்குப்படி 27 மணி நேரம். முந்தின நாளே வந்து கம்பங்களை நட்டு வைத்த கிளப் இதில் 24 மணி நேரம்தான் இயங்கலாம். சனிக்கிழமை தொடக்க மணி அடித்த பிறகே மூட்டையைப் பிரிப்பவர்களுக்கு 27 மணி நேரமும் கிடைக்கும். நிறுவும் வேகத்துக்கே பரிசு வைத்திருக்கும் விதி இது.

பங்கேற்பாளர்களுக்கு எழுத்து வகுப்புகள் உண்டு. மூன்று பேருக்குக் குறையாமல் வெளியிடத்தில் நிலையம் போட்டால் ஏ வகுப்பு. கிளப்புகளின் வகுப்பு இதுவே. ஒருவரோ இருவரோ வெளியே போனால் பி. ஓடும் வண்டி சி. வீட்டு மின்சாரத்தில் ஓடும் வீட்டு நிலையம் டி, வீட்டிலேயே மாற்று மின்சாரத்தில் ஓடினால் ஈ, அவசரகால நடவடிக்கை மையங்கள் எஃப். எழுத்துக்கு முன்னால் வரும் எண், ஒரே நேரத்தில் ஒலிபரப்பும் நிலையங்களின் எண்ணிக்கை.

காற்றில் நடக்கும் உரையாடல் மிகச் சுருக்கமானது. ஒருவர் தம் கால்சைனை, அதாவது நிலையத்தின் அடையாளக் குறியைச் சொல்லி, "சிக்யூ ஃபீல்டு டே" என்று அழைக்கிறார். பதில் தருபவர் தம் கால்சைனை மட்டும் சொல்கிறார். முதலாமவர் "த்ரீ ஆல்ஃபா, கனெக்டிகட்" என்கிறார்: மூன்று ஒலிபரப்பிகள், கிளப் வகுப்பு, கனெக்டிகட் பிரிவு. "டூ ஆல்ஃபா, ஓஹையோ" என்று மறுமொழி வருகிறது. நன்றி சொல்லி முடித்து அடுத்த அழைப்பு. நல்ல இயக்குநருக்கு இது பத்துப் பதினைந்து விநாடி வேலை. பிரிவு என்பது லீக்கின் நிர்வாகப் பகுதி. சிறிய மாநிலம் ஒரே பிரிவாகவும் கலிபோர்னியா போன்ற பெரிய மாநிலம் பல பிரிவுகளாகவும் இருக்கும். உலகப் போட்டிகளில் எத்தனை நாடுகளை, எத்தனை மண்டலங்களைப் பிடித்தோம் என்பதே புள்ளியைப் பெருக்கும். ஃபீல்டு டேயில் அந்தப் பெருக்கல் கிடையாது. பக்கத்து மாவட்டத்து நிலையத்துக்கும் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள நிலையத்துக்கும் ஒரே மதிப்பு. அவசர காலத்தில் பக்கத்து ஊரை எட்டுவதுதான் முதல் தேவை என்பதால் இதை மிகச் சரியான விதி என்றே சொல்ல வேண்டும்.

குரல் வழித் தொடர்புக்கு 1 புள்ளி, மோர்ஸுக்கும் கணினி வழி டிஜிட்டல் முறைகளுக்கும் 2 புள்ளி. ஒரே நிலையத்தை ஓர் அலைவரிசையில் ஒரு முறைக்கு ஒருதடவைதான் கணக்கில் எழுதலாம். மொத்தத்தை ஒலிபரப்புச் சக்தியைப் பொறுத்த எண்ணால் பெருக்குகிறார்கள்: 100 வாட் வரை 2, 5 வாட்டுக்கு மேற்படாமல், ஜெனரேட்டரும் இல்லாமல் பேட்டரியிலோ சூரியசக்தியிலோ இயங்கினால் 5. ஒரு கிளப் மோர்ஸில் 300, குரலில் 500 தொடர்புகள் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். புள்ளி 1,100, 100 வாட்டில் அது 2,200 ஆகும், 5 வாட்டில் 5,500. ஆனால் 5 வாட்டின் மெல்லிய குரலுக்கு அதே 800 தொடர்புகள் எளிதில் விழாது. எந்த வழியில் போவது என்று கிளப் கூட்டங்களில் வசந்த காலம் முழுக்க விவாதம் நடக்கும்.

பெருக்கலுக்குப் பிறகு சேர்க்கப்படும் ஊக்கப் புள்ளிகளில்தான் ஹேண்டியின் எண்ணம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. மாற்று மின்சாரத்தில் ஓடும் ஒவ்வொரு ஒலிபரப்பிக்கும் 100. பொதுமக்கள் வந்து பார்க்கக்கூடிய இடத்தில் நிலையம் போட்டால் 100. செய்தித்தாளுக்கு அறிவித்தால் 100. தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் பிரதிநிதி வந்து பார்த்தால் 100. முறைப்படி எழுதிய தந்திச் செய்தியைப் பிரிவு மேலாளருக்கு வானொலி வழியே சேர்த்தால் 100. பாதுகாப்பு அலுவலர் ஒருவரை அமர்த்தி, தரைக்கம்பி, எரிபொருள், தீயணைப்பான் எல்லாவற்றையும் சரிபார்த்தால் 100. தொடர்பு எடுத்த, 18 வயதுக்கு மேற்படாத ஒவ்வொருவருக்கும் 20 என்று ஐந்து பேர் வரை. வானொலியே தெரியாத ஒருவர் கூட இவற்றில் பாதியைக் கிளப்புக்கு ஈட்டித் தர முடியும். நகராட்சித் தலைவரை அழைத்து வருபவரும் பந்தலில் துண்டறிக்கை கொடுப்பவரும் மோர்ஸ் தட்டுபவரோடு சமமாகக் கணக்கில் வருகிறார்கள்.

களத்தில் உழைப்பு ஆன்டெனாவில் தொடங்குகிறது. கவணில் ஈயக் குண்டும் தூண்டில் நரம்பும் பூட்டி உயர்ந்த கிளைக்கு மேலே எய்கிறார்கள். குண்டு மறுபக்கம் விழுந்ததும் நரம்பின் நுனியில் கயிற்றைக் கட்டி இழுக்கிறார்கள். கயிற்றின் பின்னால் ஆன்டெனாக் கம்பி ஏறுகிறது. 20 மீட்டர் அலைவரிசைக்கான அரையலை டைபோல் கம்பி ஏறத்தாழ 10 மீட்டர் நீளம், 40 மீட்டர் அலைவரிசைக்கு 20 மீட்டர், 80 மீட்டர் அலைவரிசைக்கு 40 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கிளப்பின் எல்லாக் கருவிகளும் 300 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்க வேண்டும். தொல்லை இங்கேதான் பிறக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் கூடாரத்தின் இரட்டை அதிர்வெண் 14இல் போய் விழும். பக்கத்துக் கூடாரத்தில் 20 மீட்டரில் காது கொடுத்துக் கேட்பவருக்கு அது இடிபோல இறங்கும். ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று எதிர்கொள்ளாதபடி நுனிக்கு நுனி வரிசையாகக் கட்டுவதும், ஒவ்வொரு நிலையத்துக்கும் அலைவரிசை வடிகட்டி பூட்டுவதும் இதற்குக் கைகண்ட வழிகள். மூன்று நிலையங்களை ஒன்றையொன்று கெடுக்காமல் ஓட்டப் பழகிய கிளப் அடுத்த ஆண்டு நான்காவதைச் சேர்க்கத் துணியும்.

பிறகு பொழுதோடு சேர்ந்து, வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் அயனமண்டலமும் மாறுகிறது. பகலில் 20, 15, 10 மீட்டர்களில் கண்டம் விட்டுக் கண்டம் கேட்கும். வட அரைக்கோளத்தில் ஜூன் மாதம் அயனமண்டலத்தின் ஈ அடுக்கில் திடீர்த் திட்டுகள் உருவாகும் பருவம். அதனால் வழக்கமாக ஊமையாகக் கிடக்கும் 6 மீட்டர் சில மணி நேரம் சந்தைக்கடைபோல ஆகிவிடும். பொழுது சாய 40 மீட்டருக்கும், நள்ளிரவில் 80 மீட்டருக்கும் இறங்க வேண்டும். கோடைக்கால இடிமின்னல் அங்கே ஓயாமல் பொரிந்துகொண்டிருக்கும்.

இரவு இரண்டு மணிக்கு ஒரு கூடாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் ஃபீல்டு டே புரியும். மேசையில் ஒருவர் காதுக் கேட்பொறியை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் இன்னொருவர் அதே ஒலியை இரண்டாவது கேட்பொறியில் கேட்டபடி கணினியில் பதிகிறார். பொரிச்சலுக்கு நடுவே கால்சைனின் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் கிடைக்கின்றன. ஒருவர் காதில் "பிராவோ" என்று விழுந்தது மற்றவர் காதில் "டெல்டா" என்று விழுந்திருக்கிறது. திரும்பக் கேட்கிறார்கள், மூன்றாம் முறை தெளிகிறது. முன்பெல்லாம் ஏற்கெனவே பேசிய நிலையமா என்று பார்க்கப் பெரிய கட்டம்போட்ட தாளைத் துழாவுவார்கள். இன்று என்1எம்எம் லாகர் போன்ற மென்பொருள் எழுத்து விழுந்தவுடனே சொல்லிவிடுகிறது, எல்லாக் கூடாரங்களின் பதிவையும் ஒன்றாக இணைத்தும் வைக்கிறது. காது மட்டும் மனிதருடையதாகவே இருக்கிறது. அந்தக் காதைப் புத்தகம் பழக்காது; அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் ஓரிரவு உட்கார்ந்திருக்க வேண்டும். கிளப்போடு சேர்ந்து போட்டியில் இறங்குவதன் பெரும்பயன் இதுவே.

புதியவர்களுக்கென்றே தனி நிலையம் ஒன்றையும் விதிகள் அனுமதிக்கின்றன. "கெட் ஆன் தி ஏர்" என்பது அதன் பெயர். அது கிளப்பின் கால்சைனில் அல்லாமல் வேறொரு கால்சைனில் இயங்கும். உரிமம் இல்லாதவரும் உரிமம் பெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வையில் அங்கே மைக்கைப் பிடித்துப் பேச அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தன் சொல்லுக்குப் பதில் வரும்போது ஒரு பத்து வயதுக் குழந்தையின் முகத்தில் தோன்றும் திகைப்புக்காகவே பல கிளப்புகள் இந்த மேசையைக் கூடாரங்களின் வாசலில் போடுகின்றன.

2020இல் பெருந்தொற்றால் கூட்டம் கூட முடியாமல் போனபோது லீக் விதியைத் தளர்த்தியது. அதுவரை டி வகுப்பு வீட்டு நிலையங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் புள்ளி கிடைத்ததில்லை. அந்த ஆண்டு அது கிடைத்தது. தனித்தனி வீடுகளிலிருந்து இயங்கிய உறுப்பினர்களின் புள்ளிகள் கிளப்பின் பெயரில் தொகுத்தும் வெளியிடப்பட்டன.

பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் ஜூன் மாதம் மோர்ஸுக்கும் செப்டம்பரில் குரலுக்கும் தனித்தனி ஃபீல்டு டேக்கள் உண்டு. வட அமெரிக்காவில் ஜனவரி இறுதியில் குளிர்கால ஃபீல்டு டே ஒன்றும் நடக்கிறது.

இந்தப் பயிற்சியின் பொருளை நம் கடற்கரை 2004இல் கண்டது. ஹைதராபாதின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்த டிசம்பரில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. அந்தமான் வெகுகாலமாக ஒலிக்காத இடம் என்பதால் உலகெங்கும் உள்ள ஹாம்கள் அதைப் பிடிக்க முண்டியடித்தார்கள். டிசம்பர் 26 காலை நிலம் அதிர்ந்து கடல் ஏறியது. ஆர்வத்துக்காகக் கொண்டுபோன அதே கருவிகள் அன்று முதல் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி சுமந்தன. ஒரே நேரத்தில் நூறு பேர் கூப்பிடும் இரைச்சலில் ஒரு குரலைப் பிரித்தெடுத்துப் பழகிய காதுகள், உறவினரைத் தேடுவோரின் பெயர்களைக் குறித்துக்கொண்டன. இலங்கையிலும் விக்டர் குணதிலக உள்ளிட்ட ஹாம்கள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினார்கள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருக்கும் ஹாம் ஃபீல்டு டேக்குத் தம் புள்ளிப் பட்டியலை அனுப்ப முடியாது. அது அமெரிக்கக் கண்டங்கள் அடங்கிய மண்டலத்தாருக்கே உரியது. ஆனால் அவரோடு பேசும் அமெரிக்கக் கிளப்புக்குப் புள்ளி உண்டு. நம் நேரப்படி சனிக்கிழமை இரவு 11:30 மணிக்குத் தொடங்குகிறது. விடியற்காலையில், அங்கே மாலை கவியும் வேளையில், 20 மீட்டர் பக்கம் தேடிப் பார்க்கலாம். "சிக்யூ ஃபீல்டு டே" கேட்டால் கால்சைனைச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து பேசுபவர் தர வேண்டிய பதில் "ஒன் டெல்டா, டி.எக்ஸ்.": ஒரு ஒலிபரப்பி, டி வகுப்பு, தொலைநாட்டு நிலையம்.