கரிசல் காட்டில் ஒரு சுறா

போன எபிசோடுக்கு அப்புறம் வேளச்சேரியிலிருந்து ஒரு நேயர் மெசேஜ் அனுப்பியிருந்தார். வீட்டுத் தொட்டியிலேயே வளர்க்கிற மாதிரி குட்டிச் சுறா இருக்காம், அதுவும் முட்டையாகவே விலைக்கு வருதாம். "வாங்கலாமா ப்ரோ?"ன்னு கேட்டிருந்தார். ஒரு வரியில பதில் போட முடியல. அதனால இந்த வாரம் முழுக்க அந்தச் சுறாதான்.

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நானும் சுறா வளர்த்தவன்தான், கடம்பூர்ல. போளிக்குப் பேர் போன அதே ஸ்டேஷன், கோவில்பட்டிக்குப் பக்கத்துல. சுத்தி கரிசல் மண்ணு, கோடையில தண்ணிக்குக் குடத்தோட வரிசை. நான் ஆறாவது படிக்கும்போது அப்பா கோவில்பட்டியிலிருந்து ஒரு ரெண்டடி கண்ணாடித் தொட்டியும், கறுப்பு உடம்பு சிவப்பு வாலோட ஒரு மீனும் வாங்கிட்டு வந்தார். கடைக்காரர் சொன்ன பேரு ரெட் டெயில் ஷார்க். ஸ்கூல் முழுக்க பெருமை அடிச்சேன். தூத்துக்குடியிலிருந்து வந்த பெரியம்மா ஒரு பார்வை பார்த்துட்டு, "இது சுறா இல்லடா, கெண்டை"ன்னு சொல்லிட்டாங்க. வாரம் ஒரு நாள் சுறாப்புட்டு பண்றவங்ககிட்ட என்னத்தச் சொல்ல?

பெரியம்மா சொன்னது அறிவியல்படியும் சரி. அது தாய்லாந்து ஆத்து மீன், கெண்டைக் குடும்பம். 1931-ல ஹியூ ஸ்மித்ங்கிற அமெரிக்கர் அதுக்கு அறிவியல் பேர் வெச்சார். 1996-ல காட்டுல அழிஞ்சே போச்சுன்னு அறிவிச்சாங்க, 2011-ல மறுபடி கண்டுபிடிச்சாங்க. உலகம் பூரா கடைத் தொட்டியில இருக்கு, சொந்த ஆத்துல தேடணும். என்னோடது மூணே மாசத்துல போயிடுச்சு. தண்ணியை மொத்தமா மாத்தினது நான்தான்.

சரி, நேயர் கேட்டது நிஜ சுறா. மூங்கில் சுறான்னு ஒரு வகை. குட்டியா இருக்கும்போது உடம்புல மூங்கில் கணு மாதிரி பட்டை பட்டையா இருக்கும். இதுல சாம்பல் மூங்கில் சுறா நம்ம மன்னார் வளைகுடாவுலயே இருக்கு. முக்காலே அரைக்கால் மீட்டர் கூட வளராது, முக்கால் மீட்டர் பக்கம்தான். தரையோட தரையா, பாறை இடுக்குல கிடக்கும். சில சுறாக்களுக்கு நீந்திக்கிட்டே இருந்தாத்தான் மூச்சு. இது வாயாலயே தண்ணியை இழுத்து செவுள் வழியா தள்ளும், அதனால சும்மா படுத்திருக்கலாம். ஆக்சிஜன் குறைஞ்சாலும் தாங்கும். இது தொட்டிக்கு வந்ததுக்குக் காரணமே இந்தத் தாக்குப்பிடிக்கிற குணம்தான்.

1838-ல பெர்லின்ல ரெண்டு பேர் இதுக்குப் பேர் வெச்சாங்க, ஜோஹன்னஸ் முல்லர், யாக்கோப் ஹென்லே. அவங்க பார்த்த மாதிரிகள்ல இந்தியக் கடற்கரையில பிடிச்சதும் உண்டு. ப்ளஸ் டூ பயாலஜியில சிறுநீரகத்துல 'ஹென்லே வளைவு' படிச்சிருப்பீங்களே, அதே ஹென்லே.

அடுத்த இருபது வருஷத்துல கண்ணாடித் தொட்டிப் பைத்தியம் பிடிக்குது. 1853-ல லண்டன் மிருகக்காட்சி சாலையில மீன் காட்சியகம் திறக்கிறாங்க. 1854-ல ஃபிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்'னு புத்தகம் போடுறார். படிச்சவங்க எல்லாம் வாளியோட இங்கிலாந்துக் கடற்கரைக்குக் கிளம்பிட்டாங்க. பாறைக் குட்டையில கையில சிக்கினதை எல்லாம் அள்ளிட்டுப் போனாங்க. அவரோட மகன் எட்மண்ட், 1907-ல எழுதின நினைவுக்குறிப்புல, தான் சின்ன வயசுல அப்பாவோட பார்த்த அந்தக் குட்டைகள் எல்லாம் பாழாப் போச்சுன்னு வருத்தப்பட்டு எழுதுறார். பாழாக்கினதுல அப்பா புத்தகத்துக்கும் பங்கு இருக்குன்னு அவருக்குத் தெரியும். இந்தக் கதையைப் படிச்சப்போ எனக்கு ரெண்டடித் தொட்டிதான் ஞாபகம் வந்துச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1909-ல, மெட்ராஸ் மெரினாவுல இந்தியாவோட முதல் மீன் காட்சியகம் திறக்குது. திட்டம் போட்டவர் எட்கர் தர்ஸ்டன், மெட்ராஸ் மியூசியத்தோட கண்காணிப்பாளர். ஆமா, ஜனங்க மூக்கை அளந்து, ஜாதிவாரியா ஏழு தொகுதி போட்ட அதே தர்ஸ்டன். அந்தத் தொகுதிகளும் 1909-தான். மனுஷனையும் மீனையும் ஒரே கண்ணாடி வழியா பார்த்த ஆளு. உலகப்போர்ல காட்சியகம் மூடிட்டாங்க. சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, 1947 பிப்ரவரியில, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்குது. 1949-லயே அது மண்டபத்துக்குப் போயிடுச்சு, அதாவது மூங்கில் சுறாவோட வாசலுக்கே.

இப்ப முட்டைக்கு வருவோம். மூங்கில் சுறா முட்டை தோல் பர்ஸ் மாதிரி தட்டையா இருக்கும். பின்னாடி டார்ச் அடிச்சா உள்ளே குட்டி நெளியறது தெரியும். பொரிய மாசக்கணக்காகும். 2002-ல டெட்ராய்ட்ல பெல் ஐல் காட்சியகத்துல ஒரு ஆச்சரியம். ஆண் சுறாவே இல்லாத தொட்டியில வெள்ளைப்புள்ளி மூங்கில் சுறா போட்ட முட்டைகள். எப்பவும் வீண்னு தூக்கிப் போடுறதைத்தான் அன்னைக்கு விட்டு வெச்சிருக்காங்க. குட்டி வந்துடுச்சு! கன்னிப் பிறப்பு. எவ்வளவு தாக்குப்பிடிக்கிற ஜீவன் பாருங்க.

ஆனா தாக்குப்பிடிக்கிறது வேற, நல்லா இருக்கிறது வேற. 2011-ல வந்த ஒரு ஆய்வு, தொட்டித் தண்ணியில நைட்ரேட் ஏறினா இதே வெள்ளைப்புள்ளி வகைக்குத் தொண்டையில கழலை வருதுன்னு காட்டுச்சு. சுறா சாகாது, சாப்பிடும், நீந்தும். பிரச்சினை உள்ளே வளரும். நைட்ரேட் எங்கிருந்து வருது? அது சாப்பிட்டுப் போடுற கழிவுலேர்ந்துதான். சின்னத் தொட்டின்னா சீக்கிரம் ஏறும்.

இன்ஜினியர் புத்தி, கணக்கு போட்டேன். வளர்ந்த ஒன்னு திரும்பிப் படுக்கவே எட்டடி நீளம், நாலடி அகலம், ரெண்டடி உயரம்னு வெச்சுக்குங்க. கிட்டத்தட்ட 1,800 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் உப்புன்னா 63 கிலோ. தூத்துக்குடி உப்பளத்து மூட்டையைக் கொட்டினா ஆகாது, கடல்ல இருக்கிற மத்த தாதுக்களும் வேணும். வாரம் பத்துல ஒரு பங்கு மாத்தினா 180 லிட்டர், பதினஞ்சு லிட்டர் குடத்துல 12 குடம். கடம்பூர்ல ஒரு சுறாவுக்கு வாரம் 12 குடம்னு அம்மாகிட்ட சொல்லிப் பார்த்தேன். பதில் ஒலிபரப்ப முடியாது.

நேயர் தம்பிக்கு நான் வேணாம்னுதான் எழுதினேன். "அப்ப கடல்ல மட்டும் நல்லாவா இருக்கு?"ன்னு திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. 2001 ஜூலையில இந்திய அரசு சுறா, திருக்கை மொத்தத்துக்கும் பாதுகாப்பு கொடுத்துச்சு. மீனவர்கள் எதிர்ப்புக்கு அப்புறம் டிசம்பர்ல அதைப் பத்து இனமா சுருக்கினாங்க. மூங்கில் சுறா அந்தப் பத்துல இல்ல. இழுவலையில தரையோட அள்ளும்போது இதுவும் வருது. நம்ம பக்கத்துக் கடல் ஜீவனை நான் உயிரோட பார்த்தது யூடியூப்ல, ஜப்பான்லயோ அமெரிக்காவுலயோ இருக்கிற தொட்டியிலதான். பெரியம்மா அதைப் பார்த்ததெல்லாம் ஏலக்கூடத்துத் தரையில.

அடுத்த மாசம் லீவுல மண்டபம் போறோம், அங்க ஆராய்ச்சி நிலையத்தோட மீன் காட்சியகத்தைப் பார்க்க. அப்பாவும் வர்றேன்னுட்டார். பெரியம்மாவைத் தூத்துக்குடியில ஏத்திக்கணும், இல்லேன்னா கோவிச்சுக்குவாங்க.